அருள்தாசுக்குப் போட வேண்டிய சால்வை

கேரள எல்லையில், வாளையாரில் லாரிகளுக்கு நடுவே டாக்சி நின்றுபோனது. முன்னால் சிமெண்ட் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி, பக்கத்தில் கோழிக் கூண்டுகளை அடுக்கிய வேன். ஜெர்மனியில் ரயில் கொஞ்சம் தாமதமானாலும் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மன்னிப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது எனக்கும் சேர்த்து பால் விடாத கட்டன் சாயா ஒன்று வாங்கி வந்தார். சர்க்கரை அதிகம். சொன்னேன். "அப்பக் குடிக்காதீங்க" என்று கையை நீட்டினார். குடித்துவிட்டேன்.

ஒரு பாராட்டு விழாவுக்காக வந்திருந்தேன். கிழக்குப் பாலக்காட்டு அறிவியல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஆய்வைப் பாராட்டுவார்கள். இந்த முறை பிளாஸ்மா வேதியியல். அதாவது நானும் அருள்தாசும் செய்த வேலை. நான் அந்தப் பக்கத்து வேலந்தாவளத்துக்காரி. அருள்தாஸ் மூணாறு பக்கத்துச் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். வட ஜெர்மனியில் ஒரே ஆய்வகத்தில் பல வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். போன குளிர்காலத்தில் அவன் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்திருக்கவில்லை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன்.

சங்கத்தின் செயலாளர் சிவசாமி மாஷைப் பார்க்கத்தான் முதலில் பாலக்காடு போனேன். வாத்தியார்களை எங்கள் பக்கம் மாஷ் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர். இலை போட்டுக் கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் ஊற்றினார். சாப்பிட்டு முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை. அருள்தாசுக்கான சால்வையை அவன் படித்த கல்லூரியின் பிரின்சிப்பால் வாங்கிக்கொள்வாராம்.

"ஏனுங்க மாஷ், அவங்கப்பாவுக்குச் சொல்லலீங்களா?"

"விலாசம் கெடைக்கலீங்க டாக்டரம்மா. பிரின்சிப்பால்னா பெரிய மனுசன். நாலு பேரு வருவாங்க."

"விலாசம் எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"நீங்க பெரிய வேலையில இருக்கறீங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு…"

"அந்தப் பிரின்சிப்பால் அருள்தாசக் கண்ணால பாத்திருக்கறாரா?"

மாஷ் ரசப் பாத்திரத்தை எடுத்து மூடினார். "அவரு போன வருசந்தானுங்க இந்தக் காலேஜுக்கே வந்தாரு."

எனக்கு நாக்கு நீளம் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாஷுக்கு அன்றுதான் தெரிந்தது. நான் போய் அவன் அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்றேன். அவர் வரவில்லை என்றால் சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிரின்சிப்பால் தோளில் போட்டீர்கள் என்றால் நான் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவேன் என்றேன். மாஷின் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதுதானுங்க நாயம்" என்றார். மாஷ் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் உடுமலையிலிருந்து மூணாறு பேருந்து. சின்னாறு காட்டுக்குள் ஒரு யானை சாலையின் குறுக்கே நின்று மூங்கிலை உடைத்துத் தின்றது. பேருந்து நின்றது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். ஹாரன் அடித்தால் யானைக்குக் கோபம் வருமா என்று ஒருவர் கேட்டார். "உன் மாமியாருக்கு வருமா? அதே மாதிரிதான்" என்றார் மற்றவர். அருகில் இருந்த மறையூர்ப் பெண் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை என் மடியில் வைத்தார். என்னைக் கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, பிள்ளைகள் எத்தனை என்று மட்டும் கேட்டார். பிள்ளை இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்பத் தனியாவா இம்புட்டுத் தூரம்?" என்று மீதிப் பாதியையும் கொடுத்துவிட்டார்.

அந்தப் பாதியையும் தின்றேன். யாரும் அப்படிக் கேட்டுப் பல மாதம் ஆகிறது. அருள்தாஸ் இருந்தவரை மதியச் சாப்பாட்டில் தமிழ் உண்டு. நான் 'ஊடு' என்றால் 'வீடு' என்று திருத்துவான். அவன் 'சொல்லுதேன்' என்றால் நான் சிரிப்பேன். இப்போது அந்த மேசையின் மறுபக்கத்தில் ஒரு நார்வேக்காரப் பையன் காதில் பஞ்சு வைத்த மாதிரி எதையோ செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன்தான். வணக்கம் சொல்வான். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

மூணாறிலிருந்து ஜீப். சின்னக்கானலில் இறங்கும்போது குளிர் ஜெர்மனியை ஞாபகப்படுத்தியது. ஆனால் ஜெர்மனிக் குளிருக்கு வாசனை கிடையாது. இங்கே ஏலக்காய்த் தோட்டத்துப் பூச்சிமருந்தின் நெடி குளிரோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. அருள்தாஸ் ஏன் இந்த ஆராய்ச்சிக்கு வந்தான் என்று எனக்குத் தெரியும். ஏலக்காய்த் தோட்டத்து மருந்து கலந்த ஓடையில்தான் அம்மா துணி துவைப்பாள் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா இப்போது இல்லை.

எஸ்டேட் குடியிருப்பை அங்கே லயம் என்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அருள்தாசின் தங்கை செல்வராணி கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் பேயா?"

"எந்தப் பேய்?"

"எங்க லேப்ல ஒரு கொங்குப் பேய் இருக்கு, காலையில வந்ததும் ஒருத்தரையாவது திட்டாம அதுக்குக் காப்பி எறங்காதுன்னு அண்ணன் சொல்லுவான்."

"ஏட்டி, வாய மூடு. வந்தவுகளுக்கு நாற்காலியப் போடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதுதான் சவரிமுத்து, அருள்தாசின் அப்பா. எஸ்டேட் பேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பேரில் இருக்கும் லயத்தில் அவளோடு இருக்கிறார். ஒல்லியான மனிதர். மூக்கு அப்படியே அருள்தாஸ் மூக்கு. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தேநீர் கொடுத்தார்கள். தூசித் தேயிலை. கறுப்பாக, கசப்பாக. நான் ஜெர்மனியில் வாங்கும் டப்பாவில் முழு இலை இருக்கும். பறிப்பவர்களுக்குத் தூசி, எனக்கு இலை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் இன்னொரு தம்ளர் கேட்டேன்.

கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடும்போது சவரிமுத்து கேட்டார்.

"எம் மவன் அங்கன என்ன வேலைதான் செஞ்சான்? போன்ல கேட்டா, மின்னல்ல வேலைம்பான். சிரிப்பான்."

"அது உண்மைதாங்கப்பா. மின்னலச் சின்னதாக்கிக் கண்ணாடிக் குழாய்க்குள்ள உடுவோம். அது காத்த ஒடைக்கும். ஒடஞ்ச துண்டு தண்ணிக்குள்ள போனா, தண்ணியில கலந்திருக்கற பூச்சிமருந்தக் கடிச்சுக் கொதறிரும். வேற மருந்து போட வேண்டியதில்ல. சூடு பண்ண வேண்டியதில்ல."

"அப்ப எங்க ஓடைத் தண்ணிய இனிமே குடிக்கலாமா?"

"குடிக்க முடியாதுங்க. எங்களால ஒரு பாத்திரத் தண்ணியத்தான் சுத்தம் பண்ண முடிஞ்சுது. ஓடைக்கெல்லாம் இன்னும் எத்தன வருசம் ஆகும்னு தெரியாது."

அவர் கிழங்கைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "பெறவு எதுக்கு அவார்டு?"

இந்தக் கேள்வியை எங்கள் ஆய்வகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. ஒரு பாத்திரத்துக்கு முடியும் என்பதையே அதுவரை யாரும் நம்பவில்லை, நம்ப வைத்தவன் உங்கள் மகன், அதற்குத்தான் என்றேன். அவர் தலையாட்டினார்.

விழாவுக்கு வர வேண்டும் என்றேன். மாட்டேன் என்றார்.

"வருசம் திரும்பல தாயி. அவனுக்கு வருசப் பூச வைக்காம எங்கழுத்துல மாலையும் ஏறாது, சால்வையும் ஏறாது. எங்க சனத்துல அப்படித்தான்."

"நீங்க வரலீன்னா, அவன் மூஞ்சியே பாக்காத ஒருத்தரு வாங்குவாரு."

"வாங்கட்டுமே. செத்தவனுக்குப் போடுத சால்வைய யாரு வாங்குனா என்ன?"

செல்வராணி அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள்: "அப்பா, இவுக கடல் தாண்டி வந்திருக்காக. போயி கீழயாவது உக்காந்துட்டு வாரும்." சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு அருகே அருள்தாஸ் படம். சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. சவரிமுத்து கையைக் கழுவிவிட்டு வந்தார். "வாரேன். கீழதான் உக்காருவேன். மேடைக்குக் கூப்பிடக் கூடாது."

எனக்குப் பாதி வெற்றி. பாதி வெற்றியெல்லாம் ஆய்வில் தோல்விக் கணக்கில்தான் எழுதுவோம்.

மலை இறங்கும்போது அவர் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தானே ஓட்டுவதுபோல் காலை அழுத்திக்கொண்டு வந்தார். உடுமலையில் பரோட்டா சாப்பிட்டோம். சால்னாவில் காரம் இல்லை என்று கடைக்காரரிடம் சொன்னார். காரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஊருக்கு வந்தபின் எனக்கு நன்றாகப் பசித்தது அன்றுதான்.

விழாவை என் ஊரான வேலந்தாவளத்திலேயே வைத்திருந்தார்கள். அன்று அங்கே மாட்டுச் சந்தை. சாலை முழுக்க மாடு, சாணம், கயிறு, தரகர்கள். இருவரும் மண்டபத்தைத் தேடி நடந்தோம். எங்கள் தோட்டம் கைமாறிப் பல வருடம் ஆகிறது. அப்பா அம்மா இல்லை. சொந்த ஊரில் லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு வழி கேட்டு நடப்பது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். முச்சந்தியில் ஒரு தரகர் என்னைப் பார்த்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பக்கத்துக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அது நீங்கதானுங்களா?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். பெரிய பிளெக்ஸ். சாம்பல் நிறத்தில் என் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ரோஜாப்பூ உதிர்கிறது. 'கண்ணீர் அஞ்சலி. டாக்டர் தெய்வானை அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்.'

"நாந்தானுங்க" என்றேன்.

"அடக் கெரகமே. முந்தா நாத்துப் புடிச்சுத் தொங்குதுங்க. பாவம், நம்ம ஊர்ப் புள்ளன்னு பேசிட்டு இருந்தோம். எடுக்கறது எப்பன்னு போடாம உட்டுட்டாங்களேன்னுதான் ஒரே கொழப்பம்."

முந்தாநாளிலிருந்து. பெரியப்பா மக்கள் இருவர் இதே முச்சந்தி வழியாகத்தான் தினமும் பால் கொண்டுபோகிறார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தேன். விமான நிறுவனத்தின் செய்தி ஒன்று இருந்தது. வேறு அழைப்பு எதுவும் இல்லை. நான் செத்ததைப் பற்றி விசாரிக்க எனக்கு ஒருவரும் போன் செய்யவில்லை. செத்தவளுக்கு யார் போன் செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சிவசாமி மாஷ் ஓடிவந்தார். கையோடு பிளெக்ஸ் கடைக்காரரையும் இழுத்து வந்திருந்தார். பெயர் எழுதிய இரண்டு படம், பெயரில்லாத இரண்டு வாசகம் அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் மாற்றிச் சேர்த்துவிட்டார்.

"எப்புடிய்யா மாத்துவே? எந்தப் படம் எதுக்குன்னு நான் வாய்ஸ்ல சொல்லலியா?" என்றார் மாஷ்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க மாஷ். அந்தப் பையன் படத்துல சிரிச்சுட்டு இருந்தாரு. இவங்க…" கடைக்காரர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இவங்க போட்டோ அப்பிடி இருந்துச்சுங்க. நம்ம பக்கம் அஞ்சலிக்குத்தானுங்க அந்த மாதிரி போட்டோ குடுப்பாங்க."

தரகர் சிரித்துவிட்டார். நான் கடைக்காரரைத் திட்டினேன். மாஷைத் திட்டினேன். சங்கத்தைத் திட்டினேன். இரண்டையும் உடனே இறக்கு என்று கத்தினேன். ஒருவர் ஏணி கொண்டுவந்து என்னை இறக்கினார். தரகர் பக்கத்தில் வந்து, "வேண்டாம்னா எனக்குக் குடுங்க, கொட்டாய் ஒழுகுது" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் முகம் கீழே பார்க்க மடிக்கப்பட்டு ஒரு சைக்கிள் கேரியரில் ஏறிப் போனேன்.

அப்போதுதான் சவரிமுத்து பக்கத்தில் இல்லை என்று கவனித்தேன். சாலையின் எதிர்ப்பக்கம், மண்டப வாசலில் நின்றிருந்தார். அங்கே இன்னொரு பிளெக்ஸ். மஞ்சள், பச்சை, பின்னால் வாணவேடிக்கை. நடுவில் அருள்தாஸ் பல் தெரியச் சிரிக்கிறான். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார். "'இளம் விஞ்ஞானி அருள்தாஸ் இன்னும் பல சாதனைகள் படைக்க வாழ்த்துகிறோம்.'"

ஏணிக்காரர் அதில் கை வைத்தார்.

"எறக்காத" என்றார் சவரிமுத்து.

"தப்பா அடிச்சிருக்காங்கப்பா" என்றேன்.

"தப்புன்னு எனக்குத் தெரியும் தாயி. எனக்குக் கண்ணு தெரியும். இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் மேல ஏறுதேன். இது செத்தவனுக்குப் போடுத சால்வை இல்லையே."

இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைக் கிழித்து எழுதியவரின் மேசையிலேயே போட்டிருக்கிறேன். ஆனால் அவர் மூக்கு அவன் மூக்காக இருந்தது. மாஷைத் தனியாக இழுத்துப் போய், மேடையில் 'மறைந்த' என்ற சொல்லே வரக் கூடாது என்றேன்.

"ஆளு எங்கன்னு கேப்பாங்களே டாக்டரம்மா?"

"அப்பா வந்திருக்கறாருன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே."

விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பிரின்சிப்பாலின் நீண்ட பேச்சு எல்லாம் நடந்தன. வெளியே மாடுகள் கத்தின. பிளாஸ்மா பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். ஒரு பாத்திரத் தண்ணீர்தான், ஓடை இல்லை என்று அங்கேயும் சொன்னேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பதற்காகவே முன்வரிசைக்கு நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

பிறகு மாஷ் தொண்டையைக் கனைத்தார். "திரு. அருள்தாஸ். அவங்கப்பா வந்திருக்கறாருங்க." பிரின்சிப்பால் பழக்கதோஷத்தில் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். சவரிமுத்து செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி வந்தார். தலையைக் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். மைக்கைப் பார்த்தார். "அவன்ட்டச் சொல்லுதேன்" என்றார். இறங்கிவிட்டார்.

மதியம் அந்தப் பிளெக்ஸைச் சட்டத்திலிருந்து பிரித்துச் சுருட்டித் தேங்காய்க் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்கள். உடுமலை வரை காரில் கொண்டுவந்து விட்டேன். மூணாறு பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. நடத்துநர் சுருளைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார்.

"என்ன பெருசு இது, பாயா? உள்ள வெக்க எடமில்லீங்க."

சவரிமுத்து கயிற்றைத் தளர்த்தி நெற்றியும் கண்ணும் தெரியும் அளவுக்குப் பிரித்துக் காட்டினார். "எம் மவன். விஞ்ஞானி."

"அட. எங்க இருக்கறாரு?"

"ஜெர்மனியில."

"ஜெர்மனியிலயா?" நடத்துநரின் குரல் மாறிவிட்டது. சுருளை அவரே வாங்கித் தன் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். "எம் பையன் டிப்ளமோ முடிச்சுட்டுச் சும்மா சுத்தறானுங்க. அங்க வர்றதுக்கு என்ன படிக்கோணும்னு ஒரு வார்த்த கேக்கோணும். அவரு நம்பரக் குடுங்க பெருசு."

சவரிமுத்து சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நடத்துநரும் கைபேசியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் என்னுடைய ஜெர்மனி எண்ணைச் சொன்னேன்.

"அருள்தாஸ்னுதானே போட்டுக்கட்டுமுங்க?"

"போட்டுக்கோங்க."

விசில் ஊதினார். சவரிமுத்து ஜன்னல் வழியாகக் கையை அசைக்கவில்லை. சுருள் சாயாமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து திரும்பும்வரை நின்றேன். அப்புறமும் நின்றேன். போக வேண்டிய இடம் லாட்ஜ்தான்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து சில வாரம் ஆகிறது. பனி தொடங்கிவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுக்கவே மாட்டேன். இப்போது எடுக்கிறேன். இதுவரை எல்லாம் விளம்பரம்தான்.